முப்பதுக்கு மேல், ஐம்பதுக்குக் கீழ்

எங்கள் கல்லூரியில் ஒரு சுற்றறிக்கை அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. தாளாளர் செல்லப்பெருமாள் ஐயாவின் உத்தரவு அது. ஒரு தாளை நடுவில் கிழித்து இரண்டாக்கினால் வருடத்துக்கு எத்தனை மரம் பிழைக்கும் என்று ஒரு விழாவில் பேசினார்; அதற்கு ஒரு பசுமை விருது கிடைத்தது; அந்த விருதை வைக்க ஒரு தேக்கு அலமாரி செய்துகொண்டார். லால்குடி சாலையில் இருக்கும் பொன்னிவளவன் பொறியியல் கல்லூரியின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகச் சுற்றறிக்கை அடிக்கிறவன் நான். பெயர் முருகானந்தம். அரைப் பக்கத்துக்குள் எதை வைக்கலாம், எதை விடலாம் என்பது எனக்கு அத்துபடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஜூன் மாதம் லேப் டெக்னீஷியன் பாலு ஒரு குறிப்பு எழுதிக் கொண்டுவந்தார். ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் வாடகை வீடு அவருக்கு. தினமும் கல்லூரி பஸ்ஸில் கொள்ளிடம் பாலம் தாண்டி வருவார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. மகள் சுபஸ்ரீ எங்கள் கல்லூரியிலேயே எலக்ட்ரானிக்ஸ் படித்தாள். ஊழியர் பிள்ளை என்று பாதிக் கட்டணம். இந்தச் சலுகையைத் தாளாளர் ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் மேடையில் அவள் பெயரைச் சொல்லியே நினைவூட்டுவார்.

கல்லூரியே பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுத்திருந்தது. அதைப் பற்றித்தான் பாலு எழுதியிருந்தார். மொத்தம் இரண்டு வாக்கியம். "எந்நேரமும் சார்ஜரில் செருகியே இருக்கும் லேப்டாப்களில் எண்பது சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி வைத்தால் பேட்டரி கூடுதல் காலம் உழைக்கும். நீண்ட நேர வேலை இருக்கும்போது நூறு வரை ஏற்றிக்கொள்ளலாம், தவறில்லை." கல்லூரிப் பெயர், தாளாளரின் நான்கு பட்டங்கள், பார்வை எண், எங்கள் பொன்மொழி எல்லாம் போக, அரைத் தாளில் ஒரு வாக்கியத்துக்குத்தான் இடம் இருந்தது. முதல் வாக்கியத்தை அடித்தேன்.

பாலு படித்துப் பார்த்தார். "இன்னொரு வரி இருந்துச்சே சார்."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே பாலு."

"சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மனிதர் பாதி வாழ்க்கையை அந்த ஒரு சொல்லிலேயே ஓட்டியவர்.

எங்கள் கல்லூரியில் ஒரு பழக்கம் உண்டு. பத்து மணிக்கு விழா என்று தாளாளர் சொன்னால் முதல்வர் ஒன்பதரை என்பார். துறைத் தலைவர் ஒன்பது என்பார். வகுப்பாசிரியர் எட்டு என்பார். பிள்ளைகள் ஏழரைக்கே வந்து வெயிலில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒரு அரைமணி கூட்டாவிட்டால் அவர் எதற்கு அந்த நாற்காலியில் இருக்கிறார் என்று கேள்வி வந்துவிடும். பேட்டரிக்கும் அதுதான் நடந்தது. எண்பது என்று போன காகிதத்தைத் துறைத் தலைவர் பிரான்சி மேடம் எழுபது என்று திருத்தினார். முதல்வர் ஆசீர் அறுபதாக்கினார். தாளாளர் மேசைக்குப் போனபோது அவர் சிவப்பு மையால் ஐம்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடியோடு தீர்ந்துபோவதும் பேட்டரிக்குக் கெடுதல் என்று யாரோ சொல்ல, கீழ் வரம்பும் இதே மாதிரி பத்தில் ஆரம்பித்து முப்பதுக்கு ஏறியது. ஐம்பதுக்கு மேல் ஏறாது. முப்பதுக்கு வந்தால் லேப்டாப் தானாக அணைந்துவிடும். நடுவில் இருந்த இருபதில் எங்கள் கல்லூரியின் உயர்கல்வி நடந்தது.

இதை அறிவிக்கத் தாளாளர் ஊழியர் கூட்டம் போட்டார். "அரை வயிறு சாப்பிடறவன் நூறு வருஷம் இருப்பான்" என்று ஆரம்பித்தார். "நம்ம ஹாஸ்டல்ல இருபது வருஷமா பிள்ளைங்களுக்கு அரை வயித்துக்குத்தான் போடறோம். ஒரு பிள்ளைக்காவது ஏதாவது ஆயிருக்கா? படிச்சு முடிச்சுட்டு நல்லாத்தானே போறாங்க. பேட்டரி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? அதுக்கு மட்டும் ஏன் வயிறு முட்டக் கொடுக்கணும்?"

கைதட்டினோம். ஹாஸ்டல் வார்டன் சத்தமாகவே தட்டினார்.

ஒரு மாதத்துக்குள் மின்கல நல மையம் எழுந்தது. நூலகத்தின் வாசிப்பறையைக் காலி செய்து, மூன்று ஏ.சி. போட்டு, சார்ஜ் ஏற்றும் அலமாரிகள் வைத்தார்கள். பிரான்சி மேடம் அதற்கு இயக்குநர் ஆனார். லேப்டாப்பை வகுப்பிலோ விடுதியிலோ சார்ஜரில் செருகக் கூடாது, மையத்தில்தான் ஏற்ற வேண்டும். செருகிக்கொண்டே வேலை செய்தால் பேட்டரி சூடாகும் என்று சொல்லி, வளாகத்தில் இருந்த எல்லா பிளக் பாயின்ட்டுக்கும் தகர மூடி போட்டுப் பூட்டினார்கள். சாவிக்கொத்து டெக்னீஷியன் என்ற முறையில் பாலுவிடம் வந்தது. லேப்டாப்பில் எந்த வேலையை ஆரம்பித்தாலும் திரையின் குறுக்கே மின்கல உறுதிமொழி வரும். வலது கையை நீட்டி அதை உரக்கப் படித்தால்தான் விலகும். புரட்டாசியில் மின்கல வாரம் கொண்டாடினோம். கோலப் போட்டியில் பேட்டரிக்கு விசிறி வீசும் பெண்ணை வரைந்த மாணவிக்கு முதல் பரிசு.

மையத்தின் வாசலில் காலையும் மாலையும் வரிசை நிற்கும். உள்ளே ஏ.சி. காற்று வெளியே போய்விடும் என்பதால் நான்கு நான்கு பேராகத்தான் விடுவார்கள். ஒரு நாள் மத்தியானம் முதலாண்டு மாணவி யாழினி, எடமலைப்பட்டி புதூரிலிருந்து வருகிறவள், வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்தாள். பிரான்சி மேடம் உள்ளேயிருந்து ஓடி வந்தார். கீழே உட்கார்ந்து லேப்டாப்பைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாழினியைக் கல்லூரி பஸ்ஸில் புத்தூருக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். லேப்டாப்பை மேடமே நெஞ்சோடு அணைத்து உள்ளே கொண்டுபோனார். அன்றைய பதிவேட்டில் இருப்பது இவ்வளவுதான்: "இருப்பு 34. வெப்பம் இயல்பு. சேதமில்லை." மாணவியின் நிலையை எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. கட்டம் போட்டவன் நான்தான்.

பாலுவுக்கு இதெல்லாம் தலை கால் புரியவில்லை. எங்கே போனாலும் அவரைத் திட்டத்தின் தந்தை என்று அறிமுகப்படுத்தினார்கள். "நான் எண்பதுன்னுதாங்க எழுதினேன்" என்று இரண்டு மூன்று இடத்தில் சொல்லிப் பார்த்தார். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் சுபஸ்ரீக்கு நேர்காணல் வந்தது. பெங்களூரில் சிப் வடிவமைக்கும் கம்பெனி. முதல் இரண்டு சுற்றுத் தேர்வுகளும் வரம்பு எல்லாம் வருவதற்கு முந்தியே முடிந்திருந்தன. எங்கள் கல்லூரியில் அவள் ஒருத்திதான் தேறியிருந்தாள். கடைசிச் சுற்று, மூன்று பேர் ஒன்றரை மணி நேரம் ஆன்லைனில் கேள்வி கேட்பார்கள். கல்லூரி வளாகத்தில், கல்லூரி பதிவுசெய்து கொடுத்த லேப்டாப்பில்தான் உட்கார வேண்டும் என்பது கம்பெனியின் நிபந்தனை. அந்த வேலை கிடைத்தால் பெங்களூருக்குப் போய்விடுவாள். மேடையில் யாரும் அவள் பெயரைச் சொல்லி பாதிக் கட்டணம் என்று இனிமேல் பேச முடியாது. அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது என்று பாலு என்னிடம் ஒருமுறை சொன்னார்.

ஐம்பதில் ஆரம்பித்தால் முப்பதுக்கு இறங்க ஒரு மணி நேரம்தான் ஆகும். பாலு பிரான்சி மேடத்திடம் போனார். விண்ணப்பத்தில் முத்திரை வைக்க நானும் கூடப் போனேன்.

"மேடம், அன்னைக்கு ஒரு நாள் மட்டும் நூறு ஏத்திக்க விடுங்க. ஒண்ணரை மணி நேரம் பேசணும் புள்ள."

"பாலு சார், நீங்களே இப்படிக் கேக்கலாமா? இது உங்க திட்டம்."

"நான் எண்பதுதான் மேடம் எழுதினேன்."

"நீங்க போட்டது விதை. இன்னைக்கு மரமா நிக்குது. உங்க பொண்ணுக்காக மரத்தை வெட்டணும்ங்கறீங்களா?"

"அப்படின்னா சார்ஜரை மாட்டிக்கிட்டே பேசட்டுங்க. சாவி எங்கிட்டதான் இருக்கு."

"சாவி உங்ககிட்ட இருக்கறதாலதான் நாங்க நிம்மதியா இருக்கோம்" என்றார் மேடம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையிலேயே நிம்மதி இருந்தது.

ஆனாலும் எங்கள் கல்லூரி கல்நெஞ்சு கொண்டது என்று யாரும் சொல்லிவிட முடியாது. முதல்வர் ஆசீர் தலைமையில் விலக்குக் குழு இரண்டு முறை கூடி, ஒரு சிறப்பு அனுமதி கொடுத்தது. நானே அடித்தேன். "மாணவி சுபஸ்ரீயின் மடிக்கணினிக்கு நூறு சதவீதம் மின்னேற்றம் செய்ய இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறது. விதி ஏழின்படி, ஐம்பதுக்கு மேல் ஏற்றப்பட்ட மடிக்கணினி, ஐம்பதுக்கு இறங்கும்வரை மையத்தின் கண்காணிப்பில் வைக்கப்பட்டுப் பின்னர் மாணவியிடம் ஒப்படைக்கப்படும்."

பாலு அதை மூன்று தடவை படித்தார். "இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று முதல்வரைக் கேட்டார்.

"நூறு கேட்டீங்க, நூறு கொடுத்துட்டோம்" என்றார் ஆசீர். "இதுக்கு முன்னாடி யாருக்கும் கொடுத்ததில்லை."

"சரிங்க."

நேர்காணல் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. கருத்தரங்கக் கூடத்தில் சுபஸ்ரீ தனியாக ஒரு மேசையில். கதவோரம் பாலு நின்றார், பூட்டிய பிளக் பாயின்ட்டுக்குப் பொறுப்பாளராக. கூடத்தைப் பயன்படுத்தும் பதிவேட்டோடு நான் பின்வரிசையில். திரையில் மூன்று பேர் காத்திருக்க, சுபஸ்ரீ வலது கையை நீட்டி, "என் மின்கலம் களைக்க விடமாட்டேன், என் வசதிக்காக அதன் ஆயுளைக் குறைக்கமாட்டேன்" என்று கடைசி வரி வரைக்கும் படித்தாள். திரையில் இருந்த ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் நன்றாகவே போனது. அவள் என்ன பேசினாள் என்பது எனக்குப் புரியவில்லை. ஆனால் கேள்வி கேட்ட அம்மாள் ஒருவர், கேட்கக் கேட்க நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து வந்தார். அடுத்து ஒரு சர்க்யூட்டை வரைந்து காட்டச் சொல்வோம், அதுதான் முக்கியம் என்றார்கள். மணி பத்து ஐம்பத்திரண்டு. இருப்பு முப்பத்து மூன்று. சுபஸ்ரீ பேசிக்கொண்டே திரும்பி அப்பாவைப் பார்த்தாள். சார்ஜர் அவள் பையில் இருந்தது, பிளக் பாயின்ட் அவள் காலடியில் இருந்தது, சாவி அப்பாவின் பேன்ட் பாக்கெட்டில் இருந்தது.

பாலு பாக்கெட்டுக்குள் கையை விட்டார். சாவிக்கொத்து கிலுங்கியது எனக்குக் கேட்டது. இரண்டு அடி நடந்தும் விட்டார்.

அப்போது கதவு திறந்தது. தாளாளர், முதல்வர், பிரான்சி மேடம், அவர்களோடு சந்தன மாலை போட்ட நான்கு பேர். தேசிய அளவில் சிறந்த மின்கலப் பராமரிப்பு வளாகத்தைத் தேர்ந்தெடுக்க வந்த குழு. தாளாளர் நேராகப் பாலுவிடம் வந்து தோளில் கை போட்டார்.

"இவர்தாங்க பாலு. இந்தத் திட்டத்தோட தந்தை. வளாகத்துல இருக்கற அத்தனை சாவியும் இவர்கிட்டதான். இதுவரைக்கும் ஒரு தடவை கூட ஒரு பூட்டும் திறந்ததில்லை."

பாக்கெட்டுக்குள் போன கை வெளியே வந்தது. இன்னொரு கையோடு சேர்ந்து நெஞ்சுக்கு நேராகக் குவிந்தது. குழுவில் இருந்தவர்கள் திருப்பிக் கும்பிட்டார்கள். ஒவ்வொருவரும் திட்டத்தைப் பற்றி விசாரிக்க, அவர் கும்பிட்டுக் கும்பிட்டுப் பதில் சொல்லி முடிப்பதற்குள் எட்டு நிமிஷம் போய்விட்டது. சுபஸ்ரீ சர்க்யூட்டில் பாதி வரைந்திருந்தாள். திரையில் தாளாளரின் படம் வந்தது. பதிவுசெய்த குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "அன்பு மாணவச் செல்வமே, உன் மின்கலம் களைத்துவிட்டது. அதற்கு ஓய்வு கொடு. நீயும் கொஞ்சம் ஓய்வெடு." திரை அணைந்தது.

குழுவின் தலைவர் மணி பார்த்தார். "முப்பதுக்குக் கரெக்டா நின்னுடுச்சே" என்று குறித்துக்கொண்டார். "நேர்ல பாக்கக் கிடைச்சது எங்க பாக்கியம்."

சுபஸ்ரீ கருப்புத் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கையில் பேனா அப்படியே இருந்தது.

கம்பெனிக்காரர்கள் மோசமானவர்கள் இல்லை. அன்று மாலையே கல்லூரிக்கு மெயில் அனுப்பினார்கள். இணைப்பு அறுந்ததற்குக் கல்லூரித் தரப்பில் காரணம் இருந்தால் இரண்டு நாளில் எழுதிக் கொடுங்கள், மீதி அரைமணி நேரத்தை மறுபடி வைத்துக்கொள்கிறோம் என்று. ஒரே ஒரு வரி போதும். முதல்வர் அறையில் பாலுவையும் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். பாலு உட்காரவில்லை.

"காலேஜ் வெச்ச வரம்பாலதான் அணைஞ்சுதுன்னு எழுதிக் கொடுங்க சார்" என்றார் பாலு. "புள்ளைக்கு வேற வழி இல்லைங்க."

ஆசீர் மிகவும் அன்பாகப் பேசினார். "அப்படி எழுதினா, விருதுக் கமிட்டிக்கு முதல்ல அதைத்தான் யாராவது அனுப்பி வைப்பாங்க. திட்டத்தால ஒரு மாணவி பாதிக்கப்பட்டான்னு ஆயிடும். நான் உங்களைப் பொய் எழுதச் சொல்லலை பாலு. என் வாழ்க்கையில நான் யாரையும் பொய் எழுதச் சொன்னதில்லை. பேட்டரி நல்லா இருந்துச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"நல்லாத்தாங்க இருந்துச்சு."

"எவ்வளவு ஆரோக்கியம்?"

"தொண்ணூத்தொன்பது சதவீதம்."

"அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. உண்மைதானே?" கூடவே, "பொண்ணுக்கு இன்னும் ஒரு செமஸ்டர் பாக்கி இருக்கு இல்லையா? சலுகையில படிக்கிற பொண்ணு" என்றார்.

நான் அடித்துக் கொடுத்தேன். "மேற்படி மடிக்கணினியின் மின்கலம் நேர்காணல் நாளன்று முழு ஆரோக்கியத்துடன் இருந்தது எனச் சான்றளிக்கிறேன்." பாலு பேனாவை வாங்கி, காகிதத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி காகிதத்தைப் பார்த்தார். என் முகத்தில் ஏதாவது கிடைக்குமா என்று தேடியிருப்பார். நான் முத்திரையில் மை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

பதில் நான்கு நாளில் வந்தது. சாதனம் முழு ஆரோக்கியத்துடன் இருந்ததாகக் கல்லூரியே சான்றளித்திருப்பதால், விண்ணப்பதாரர் தாமாகவே நேர்காணலை விட்டு வெளியேறியதாகக் கருதப்படுகிறார். மூன்று வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. சுபஸ்ரீ அலுவலகத்துக்கு வந்து நகல் கேட்டாள். கொடுத்தேன். பின்னால் இணைத்திருந்த சான்றிதழையும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருந்தது. பாலு அப்போது அங்கேதான் பிரிண்டரைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் நின்றபடியே படித்தாள். இரண்டாவது பக்கத்தைத் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது நீங்க போட்டதாப்பா?"

"ஆமாம்மா."

"யாரும் அடிச்சுக் கேட்டாங்களா?"

"இல்லம்மா. அன்பாத்தான் கேட்டாங்க."

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "சாயங்காலம் நான் பஸ்ல வரலை. நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். பாலு பிரிண்டரின் மூடியைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு நின்றார். அதில் சிக்கியிருந்த காகிதம் எல்லாம் எப்போதோ எடுத்தாகிவிட்டது.

மார்ச் மாதம் விருது வந்தது. விழாவுக்கு ஆயிரத்து இருநூறு பிள்ளைகளை ஏழரை மணிக்கே உட்காரவைத்துவிட்டோம். தாளாளர் முக்கால் மணி நேரம் பேசினார். மேல் வரம்பையும் கீழ் வரம்பையும் நாற்பதில் சந்திக்கவைப்பதே அடுத்த இலக்கு என்று அறிவித்தார். "லேப்டாப்பை ஆன் பண்ணாம இருக்கறதுதான் பேட்டரிக்கு நாம செய்யற பெரிய மரியாதை. அந்த நாள் தூரத்துல இல்லை." பிறகு பாலுவை மேடைக்குக் கூப்பிட்டார். பொன்னாடை போர்த்தினார்.

"ரெண்டாயிரம் பேட்டரி. ஒண்ணொண்ணையும் இந்த மனுஷன் தான் பெத்த பிள்ளையைப் போல பாத்துக்கிட்டார்" என்றார். "பாலு, ரெண்டு வார்த்தை பேசுங்க."

பாலு மைக் முன்னால் வந்தார். மூன்றாம் வரிசையில் எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருடம் உட்கார்ந்திருந்தது. சுபஸ்ரீ குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா சொன்னது தப்புங்க" என்றார் பாலு. "பெத்த பொண்ணை நான் இப்படிப் பாத்துக்கலை."

தாளாளர் சிரித்தார். "பாத்தீங்களா அடக்கத்தை. பேட்டரின்னா சொந்தப் பொண்ணை விட ஒரு படி மேலங்கறார்" என்று விளக்கினார். ஆயிரத்து இருநூறு பேரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.